ஆத்தங்குடிக் கல்லா, முகில் அறையா, கைகரா, கணினியா? பீட்டா சிதைவின் பின்னுதைப்பைக் காட்ட எது தோது

தை பிறந்ததும் எங்கள் பக்கம் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிற கூட்டம். மற்றது "சார், ஒரு ப்ராஜெக்ட்" என்று திண்ணையில் வந்து உட்காருகிற கூட்டம். முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்டனூரில் ஓய்வாக இருக்கிற எனக்கு இரண்டாவது கூட்டம்தான் அதிகம். இந்த முறை வந்தவர்கள் மூன்று பேர். தேவகோட்டையில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஒரு டீச்சர், காரைக்குடியில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கும் ஒரு பையன், மகளின் அறிவியல் கண்காட்சிக்காகப் பள்ளத்தூரிலிருந்து அலைகிற ஒரு அப்பா. மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே கேள்வி. நிலையில்லாத அணுக்கரு சிதைந்து எலக்ட்ரானை உமிழ்கிற பீட்டா சிதைவில் எலக்ட்ரான் ஒரு பக்கம், நியூட்ரினோ ஒரு பக்கம், அணுக்கரு ஒரு பக்கம் உதைத்துக்கொண்டு போகிறதே, அந்தப் பின்னுதைப்பை, அதாவது ரீகாயிலை, எதை வைத்துக் காட்டுவது?

பையன் முடிவோடுதான் வந்திருந்தான்: கதிரியக்கத் துகள்களை எண்ணுகிற கைகர்–முல்லர் (ஜி.எம்.) கவுன்டர்தான் என்று.

"சார், டிபார்ட்மென்ட்ல ஜி.எம். கவுன்டர் இருக்கு. அத வச்சே ரீகாயிலக் காட்டிடலாம்ல?"

"காட்டலாம்ப்பா. 45 எலக்ட்ரான் வோல்ட்டோட நகர்ற அணுவ எதுல பிடிப்ப?"

அவனிடம் பதில் இல்லை. உண்மையில் யாரிடமும் இல்லை. எங்கள் ஊரில் கைக்கு எட்டுகிற எந்த வழியிலும் பீட்டா சிதைவின் பின்னுதைப்பை நேரடியாகப் பார்க்க முடியாது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி, பார்க்க முடியாத அதன் எந்த அம்சத்தை உங்களால் நேர்மையாகக் காட்ட முடியும் என்பது.

முதலில் ஐந்தொகை

ஆல்ஃபா சிதைவு இரண்டு பங்காளிகளுக்குள் நடக்கிற பாகப்பிரிவினை. பொலோனியம்-210 சிதைந்தால் ஆல்ஃபா துகளுக்கு 5.3 மெகா எலக்ட்ரான் வோல்ட், மிச்சமிருக்கும் ஈயக் கருவுக்கு 0.103 மெகா எலக்ட்ரான் வோல்ட். எத்தனை அணு சிதைந்தாலும் இதே பங்குதான், இருவரும் நேர் எதிர்த்திசையில் போவார்கள். (எலக்ட்ரான் வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கிற மிகச் சிறிய அலகு; கிலோ அதில் ஆயிரம், மெகா பத்து லட்சம். இனி மெகா, கிலோ என்று மட்டும் எழுதினால் எலக்ட்ரான் வோல்ட்டைச் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். வெறும் எலக்ட்ரான் வோல்ட் என்றால் எ.வோ. உந்தத்தையும் ஒளிவேகத்தால் பெருக்கி அதே அலகில் சொல்கிறேன்.)

பீட்டாவில் பங்காளிகள் மூன்று பேர். மூன்றாமவர் பினாங்குக்குக் கப்பலேறியவர் மாதிரி: ஆளைப் பார்க்க முடியாது, பேரேட்டில்தான் தெரிவார். 1914-இல் சாட்விக் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்தபோது ஒரே மதிப்பு வரவில்லை, தொடர்ச்சியாகப் பரவி வந்தது. 1927-இல் எல்லிஸும் ஊஸ்டரும் பிஸ்மத்-210-ஐ ஒரு கலோரிமீட்டருக்குள் (வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் கலம்) வைத்து வெப்பத்தை அளந்தார்கள். சிதைவுக்கு 1.05 மெகா வரை கிடைக்க வேண்டிய இடத்தில் சராசரியாக 0.35 மெகா அளவுதான் கிடைத்தது. ஐந்தொகை இடித்தது. 1930 டிசம்பரில் பௌலி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்காளி இருக்கிறார் என்று கடிதம் எழுதினார். நியூட்ரினோ என்ற அந்த ஆளை நேரில் பிடிக்க 1956 வரை, கோவனும் ரைன்ஸும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

நியூட்ரினோ என்றதும் எங்கள் பக்கம் பேச்சு தேனி, பொட்டிப்புரம் என்று திரும்பிவிடும். அது வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பார்ப்பதற்கான திட்டம். நம் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பௌலியின் பங்காளி ஆற்றல் கணக்கை மட்டுமல்ல, உந்தக் கணக்கையும் சரிசெய்கிறார். அசையாமல் இருந்த கரு சிதைகிறது. ஆகவே மூன்று உந்தங்களையும் கூட்டினால் சுழி. மூன்று அம்புகளை வால் தலையாக அடுக்கினால் முக்கோணம் மூடிக்கொள்ள வேண்டும். முக்கோணம் எப்போதும் தட்டையானது. அந்தத் தளம் வெளியில் எப்படிச் சாய்ந்தும் இருக்கலாம், ஆனால் மூன்று துகளும் ஒரே தளத்தில்தான் பிரியும். இது பின்னால் நமக்குப் பெரிய சௌகரியம்.

எதைக் கொண்டு எடைபோடுவது

நான் ஐந்து கேள்வி வைத்துக்கொள்கிறேன். பின்னுதைப்பைப் பற்றி அந்த வழி என்ன சொல்கிறது: காண வைக்கிறதா, ஊகிக்க வைக்கிறதா, கணக்கிட மட்டும் வைக்கிறதா? துகள்களுக்கு இடைப்பட்ட கோணம் அதில் வருகிறதா, இல்லை ஆற்றல் மட்டும்தானா? கடையில் சொல்லும் விலை போக வேறென்ன செலவாகும், முக்கியமாக நேரம்? அனுமதியும் ஆபத்தும் எப்படி? ஐந்தாவதுதான் எனக்கு முதன்மையானது. வைவாவில் ஒருவர் "உங்கள் விடை தப்பாக இருந்திருந்தால் உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?" என்று கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

எண்களைப் பார்த்துவிட்டால் முதல் கேள்வியின் கடுமை புரியும். தனி நியூட்ரான் சிதையும்போது புரோட்டானுக்குக் கிடைக்கும் அதிகபட்சப் பின்னுதைப்பு ஏறத்தாழ 750 எ.வோ. ஹீலியம்-6 சிதைந்து பிறக்கும் லித்தியம்-6-க்கு 1.4 கிலோ. இவை ஆராய்ச்சிக்கூடத்துச் சரக்கு. கல்லூரி லேபில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம்-90 மூலத்தில், அது சிதைந்து பிறக்கும் மகளான யிட்ரியம்-90 சிதையும்போது கருவுக்கு அதிகபட்சம் 45 எ.வோ. உரக்கடைப் பொட்டாஷில் இருக்கும் பொட்டாசியம்-40-க்கு 41. தாலியம்-204-க்கு வெறும் 3.6. இவ்வளவு குறைந்த உதையோடு அணு அந்தத் திடப்பொருளை விட்டு வெளியே வரப்போவதில்லை. தன் இடத்தில் ஒரு நடுக்கம், அவ்வளவே.

வழி ஒன்று: தரையில் முக்கோணம்

வீட்டுக் கூடமான பட்டாலையில் பரவியிருக்கும் ஆத்தங்குடிக் கற்களை, அந்தச் சதுரத் தரைக் கற்களை, கட்டத் தாளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லின் பக்கம் ஒரு மெகா உந்தம். கோலமாவு அல்லது சாக்பீஸ், ஒரு நூல், ஒரு பாகைமானி. செலவு இவ்வளவுதான்.

ஹீலியம்-6-ஐ எடுங்கள். பங்கு போட இருப்பது 3.5 மெகா. எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் (சுருக்கமாக நியூட்ரினோ என்றே சொல்கிறேன்) ஆளுக்கு 1.75 மெகா எடுத்துக்கொண்ட ஒரு சிதைவை வரைவோம். எலக்ட்ரானுக்கு நிறை இருப்பதால் அதன் உந்தம் 2.2 கல், நியூட்ரினோவின் உந்தம் 1.75 கல். இரண்டும் ஒரே திசையில் போனால் கருவின் அம்பு எதிர்ப்பக்கம் 3.95 கல் நீளும். அதன் ஆற்றல் 1394 எ.வோ. இரண்டும் செங்குத்தாகப் பிரிந்தால் கருவுக்கு 2.81 கல், 706 எ.வோ. நேர் எதிராகப் பிரிந்தால் 0.45 கல், வெறும் 18 எ.வோ. ஆற்றல் பங்கீடு மூன்று இடத்திலும் ஒன்றுதான். கோணம் மாறியதற்கே பின்னுதைப்பின் ஆற்றல் 18-லிருந்து 1394 வரை போய்வருகிறது.

பிள்ளைகள் தவறுகிற இடமும் இங்கேதான் வெளியே வருகிறது. "அணுக்கரு ரொம்பக் கனம், அதனால் அதன் பின்னுதைப்பு சிறியது" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆற்றல் சிறியதுதான், 3.5 மெகாவில் 1.4 கிலோ என்பது பத்தாயிரத்தில் நான்கு பங்கு. ஆனால் உந்தம்? தரையில் மூன்று அம்புகளில் மிக நீளமானது கருவுடையதாகவே இருக்கலாம். இதைப் படித்துப் புரிந்துகொள்வது ஒன்று. ஒரு பிள்ளை நான்கு கல் தூரம் குனிந்தபடியே கோடு இழுத்துக்கொண்டு போய்ப் புரிந்துகொள்வது வேறு. இன்னொரு பிழை, எலக்ட்ரானையும் நியூட்ரினோவையும் எப்போதும் எதிரெதிராக வரைவது. ஆல்ஃபா படத்திலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம் அது. நூலை வேறு கோணத்தில் பிடித்து முக்கோணத்தை மூடச் சொன்னால் தானே உதிர்ந்துவிடும்.

மறைசெலவு ஒன்று உண்டு, அது சின்னதல்ல. தரையில் எல்லாக் கோணமும் சம வாய்ப்புள்ளதாகத் தெரியும். இயற்கை அப்படிச் செய்வதில்லை. எலக்ட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும் இடைப்பட்ட கோணத்தின் வாய்ப்பை ஒரு தொடர்பு எண் ஆள்கிறது. தூய ஃபெர்மி வகைச் சிதைவில் (எலக்ட்ரான், நியூட்ரினோ இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருப்பது) அது +1, தூய காமோவ்–டெல்லர் வகையில் (ஒரே பக்கமாக இருப்பது) −1/3. ஹீலியம்-6 இரண்டாம் வகை. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நூறு சிதைவு நடந்தால் இரண்டும் ஒரே அரைப்பக்கம் போவது சுமார் 42, எதிர் அரைப்பக்கம் பிரிவது 58. அதே ஆற்றலில் ஃபெர்மி வகையாக இருந்திருந்தால் 74-க்கு 26. நூறு புளியங்கொட்டையை 42, 58 என்று இரண்டு நிறம் தீட்டிப் பையில் போட்டு எடுக்கவைத்து இந்தக் குறையைக் கொஞ்சம் மறைக்கலாம். கொஞ்சம்தான்.

கேரம் போர்டு வைத்துச் செய்யலாமே என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். ஸ்ட்ரைக்கர் உந்தத்தோடு வந்து இடிக்கிறது. நம் கரு அசையாமல் இருந்து பிரிகிறது. அந்த வித்தியாசத்தை விளக்கவே பாதி வகுப்பு போய்விடும்.

வழி இரண்டு: முகில் அறை

மீன்தொட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் பெட்டி, மேலே ஐசோபுரப்பைல் ஆல்கஹால் நனைத்த கம்பளித் துண்டு, கீழே கறுப்புத் தகடு, அதற்கடியில் −78 டிகிரியில் உலர்பனிக்கட்டி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), பக்கவாட்டில் விளக்கு. கால் மணி நேரம் பொறுத்தால் தகட்டுக்கு மேலே வெண்ணிற இழைகள் ஓடும். தடித்துக் குட்டையாக நேராகப் போனால் ஆல்ஃபா. மெல்லிசாக வளைந்து நெளிந்து போனால் எலக்ட்ரான். கூட்டத்தை நிறுத்திவைக்க இதற்கு ஈடு எதுவுமில்லை.

ஆனால் பின்னுதைப்பு தெரியாது. 1.4 கிலோ ஆற்றலுள்ள லித்தியம் கரு சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குகூடப் போகாது. 45 எ.வோ. பற்றிப் பேசவே வேண்டாம். முகில் அறையில் இதைப் படம்பிடித்தவர்கள் இல்லாமலில்லை. 1938-இல் கிரேனும் ஹால்பெர்னும் கதிரியக்கக் குளோரின் கலந்த வாயுவையே அறைக்குள் விட்டு, உதைபட்ட கரு உண்டாக்கிய நீர்த்துளிக் கொத்தை எண்ணினார்கள். 1956-இல் ஹங்கேரியின் டெப்ரெசெனில் சிக்காயும் சலாயும் அழுத்தத்தை நன்றாகக் குறைத்த அறையில் ஹீலியம்-6 சிதைவைப் படமெடுத்தார்கள். நீண்ட எலக்ட்ரான் தடம் ஒன்று, குட்டையான தடித்த கருத்தடம் ஒன்று, இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஒரே கோட்டில் இல்லாததால் மூன்றாவது ஒருவர் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு உங்கள் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் கண்காட்சி உண்மையாகவே நிறைவாக இருக்கும். மீன்தொட்டியில் தெரிவதே அது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மறைசெலவை நான் பட்டுத்தான் சொல்கிறேன். காரைக்குடியில் கேட்ட மாத்திரத்தில் உலர்பனிக்கட்டி கிடைக்காது. மதுரை அல்லது திருச்சி, எந்தப் பக்கம் போனாலும் சுமார் 90 கிலோமீட்டர். தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவரும்போதே ஆவியாகிக்கொண்டு வரும். ஜன்னல் மூடிய ஏசி காரில் கொண்டுவரக் கூடாது, கார்பன் டை ஆக்சைடு நிறைந்துவிடும். இறுக மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். வெறுங்கையால் தொடக் கூடாது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு முதல் தடவை நான் கோட்டைவிட்டது ஆல்கஹாலில். மருந்துக்கடையில் கிடைத்த 70 சதவீதப் புட்டியை வாங்கி ஊற்றிவிட்டேன். மிச்சம் 30 தண்ணீர். மதியம் முழுக்கப் பனிமூட்டம் தெரிந்தது, ஒரு தடம்கூடத் தெரியவில்லை. 99 சதவீதம் வேண்டும். அது நன்றாகத் தீப்பிடிக்கும் சரக்கு. நம் கண்காட்சிகள் குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்கும், ஆகவே மேடைக்கு எதிர்க்கோடியில் இடம் கேளுங்கள்.

மூலத்துக்கு வெல்டிங் கடையில் சிவப்பு முனை போட்ட தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பி போதும். அதை அரைக்கவோ தேய்க்கவோ கூடாது. பெரும்பாலும் ஆல்ஃபா தடம்தான் காட்டும், பீட்டா இடையிடையே. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலை யாராவது எடுத்துவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்துக்குள் வருகிற பொருள்.

வழி மூன்று: கைகர் கவுன்டரும் பொட்டாஷும்

பொட்டாசியத்தில் இயற்கையாகவே 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி வருஷம், பீட்டாவின் உச்ச ஆற்றல் 1.31 மெகா. சுத்தமான பொட்டாசியம் குளோரைடு ஒரு கிராமில் நொடிக்குச் சுமார் 16 சிதைவு. வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினால் அனுமதி எதுவும் தேவைப்படாத பீட்டா மூலம் தயார். முனையில் மெல்லிய சாளரம் உள்ள கைகர் குழாயாக இருக்க வேண்டும். உலோகச் சுவர் குழாய் பாதியை விழுங்கிவிடும்.

மேலே அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணிக்கை குறைவதைப் பாருங்கள். திடீரென்று ஓரிடத்தில் நிற்காமல் படிப்படியாகக் குறையும், சுமார் 2 மில்லிமீட்டரில் பின்னணியோடு கலந்துவிடும். எலக்ட்ரான்கள் பல ஆற்றலில் வருகின்றன, உச்சம் ஒன்று இருக்கிறது என்று ஊகிக்க இது உதவும். எலக்ட்ரான் வளைந்து நெளிந்து போவதாலும் வளைகோடு மழுங்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சாட்விக் 1914-இல் முட்டிக்கொண்ட இடம் ஏறக்குறைய இதுதான். பின்னுதைப்பைப் பற்றி இது நேரடியாக எதுவும் சொல்லாது. ஐந்தொகை இடிக்கிறது என்று மட்டும் சொல்லும். கோணத்தைப் பற்றிப் பேச வாயே திறக்காது.

செலவு கருவியில் இல்லை, காத்திருப்பில். நூறு எண்ணினால் பிழை பத்து சதவீதம். ஒரு சதவீதம் வேண்டுமென்றால் பத்தாயிரம் எண்ண வேண்டும். பொட்டாஷ் குவியலை உயர்த்தினால் எண்ணிக்கை கூடும் என்று நினைப்பீர்கள். கூடாது, அடியில் இருக்கிற உப்பு விடுகிற எலக்ட்ரானை மேலே இருக்கிற உப்பே தின்றுவிடும். பின்னணியைத் தனியாக, அதே நேர அளவுக்கு, அதே இடத்தில் எண்ண வேண்டும். இதை அவசரப்பட்டு விட்டுவிடுகிற பிள்ளைகளே அதிகம்.

இன்னொரு பொறி, புத்தகத்தில் யாரும் சொல்வதில்லை. எலக்ட்ரான் ஆற்றல் எப்படிப் பரவும் என்று சொல்கிற ஃபெர்மியின் எளிய நிறமாலைச் சூத்திரம், எளிதில் நடக்கிற "அனுமதிக்கப்பட்ட" வகைச் சிதைவுக்கானது. பொட்டாசியம்-40 மூன்றாம் நிலைத் தடுக்கப்பட்ட வகை; தடுக்கப்பட்டது என்றால் நடக்காது என்றல்ல, அரிதாக நடக்கும் என்று அர்த்தம். அதனால்தான் அதற்கு இவ்வளவு நீண்ட ஆயுள். ஸ்ட்ரான்ஷியம்-90, யிட்ரியம்-90, தாலியம்-204 மூன்றும் முதல் நிலைத் தடுக்கப்பட்டவை. கல்லூரி லேப் அலமாரியில் அனுமதிக்கப்பட்ட வகை என்று பார்த்தால் பெரும்பாலும் கோபால்ட்-60தான் மிஞ்சும், அதன் பீட்டாவோ 0.318 மெகா, கூடவே வரும் காமாவில் மூழ்கிப்போகும். ஆகவே மேலே சொன்ன +1, −1/3 கணக்குகளைப் பொட்டாஷ் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஸ்ட்ரான்ஷியம் மூலத்தைத் தொடுவதாக இருந்தால் துறையின் பதிவேடு, பொறுப்பாசிரியர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் எல்லாம் உண்டு. வீட்டுக்கு எடுத்துவரும் பேச்சே கிடையாது.

இயற்பியலாளர் வு அம்மையார் 1957-இல் கோபால்ட்-60-இல் கண்டது வேறொரு திசைக் கேள்வி: கருவின் தற்சுழற்சிக்கு எந்தப் பக்கம் எலக்ட்ரான் அதிகம் போகிறது என்பது. அதற்குக் கருக்களை வரிசையாக நிறுத்த வேண்டும். தனிச்சுழிக்கு மேல் நூறில் ஒரு கெல்வின் அளவுக்குக் குளிர வைத்தார்கள். செட்டிநாட்டு வெயிலில் இதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

வழி நான்கு: கணினி

பழைய மடிக்கணினி, நிரல் எழுதப் பைத்தான் மொழி, இரண்டு மூன்று வாரப் பொறுமை. எலக்ட்ரானுக்கு ஓர் ஆற்றலைப் பொறுக்கி எடுங்கள்; ஒவ்வோர் ஆற்றலின் எடையும் எலக்ட்ரான் உந்தம், அதன் மொத்த ஆற்றல், நியூட்ரினோ ஆற்றலின் வர்க்கம் இவற்றின் பெருக்கல். ஒரு கோணத்தைப் பொறுக்குங்கள்; அதன் எடை ஒன்றோடு, தொடர்பு எண் × எலக்ட்ரானின் வேகம் (ஒளிவேகத்தின் பங்காக) × கோணத்தின் கொசைன் என்ற பெருக்கலைக் கூட்டினால் வருவது. மூன்றாவது அம்பு தானே கிடைத்துவிடும். லட்சம் தடவை செய்து பின்னுதைப்பு ஆற்றலைப் பட்டை வரைபடமாகப் போடுங்கள். தொடர்பு எண்ணை +1 என்றும் −1/3 என்றும் மாற்றிப் போட்டால் வரைபடம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சாய்வது கண்ணுக்கே தெரியும்.

நான்கு வழியில் ஆற்றல், கோணம், பின்னுதைப்பு மூன்றையும் ஒன்றாகத் தொடுவது இது மட்டும்தான். ஆபத்தில்லை, அனுமதி வேண்டாம், செலவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகம். −1/3 என்று உள்ளே போட்டுவிட்டு −1/3 வெளியே வந்தது என்று பெருமையாக எழுதிய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். களஞ்சியத்தில் நாம் கொட்டிய நெல்லையே அளந்துவிட்டு விளைச்சல் என்று சொல்வது அது.

கணினி வழியைத் தேர்ந்தால் அதில் ஒரு உண்மையான கேள்வி இருக்க வேண்டும். உதாரணமாக, எத்தனை சிதைவைப் பார்த்தால் இரண்டு வகையையும் பிரிக்க முடியும்? முன்பக்கம் பின்பக்கம் என்று எண்ணிப் பார்க்கிற எளிய முறையில், தொடர்பு எண்ணின் பிழை ஏறத்தாழ இரண்டு வகுத்தல் எண்ணிக்கையின் வர்க்கமூலம். நூறு சிதைவில் பிழை 0.2, +1-க்கும் −1/3-க்கும் வித்தியாசம் சொல்ல அதுவே போதும். −1/3-ஐ ஒரு சதவீதத்துக்குள் அளக்க வேண்டுமென்றால் சுமார் 4 லட்சம். 1963-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஜான்சனும் பிளெசன்டனும் கார்ல்சனும் ஹீலியம்-6-இன் பின்னுதைப்பை அளந்து பெற்ற மதிப்பு −0.3343, பிழை 0.0030. அந்த ஒரு சதவீதத்துக்கு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது தன் கையால் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் உறைக்கும்.

இன்னும் நல்ல கேள்வி வேண்டுமா? இதே ஹீலியம்-6-ஐ அதற்குப் பத்து வருஷம் முன்னால் ரஸ்டாடும் ரூபியும் அளந்தபோது தொடர்பு எண் +1/3 பக்கம் வந்தது. குறியே தலைகீழ். உலகமே அதை நம்பி பீட்டா சிதைவின் விசைக்கு இருக்கக்கூடிய கணித வடிவங்களில் டென்சர் வகைதான் சரி என்று கணக்குப் போட்டது. ஆர்கான்-35 அளவீடோ வேறு பக்கம் இழுத்தது. 1957-இல் கோட்பாட்டு இயற்பியலாளர்கள் சுதர்சனும் மார்ஷக்கும் மொத்தப் படத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, கோட்பாடு இப்படித்தான் இருக்க முடியும், ஆகவே ஹீலியம்-6 உட்பட சில சோதனைகள் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன சுதர்சனுக்கு அப்போது வயது 26. அவர்கள் சொன்னதே நின்றது. பழைய சோதனையில் வாயு இருக்கக் கூடாத இடத்திலும் ஹீலியம் சிதைந்துகொண்டிருந்தது, அதைச் சரியாகக் கழிக்கவில்லை. உங்கள் நிரலில் வேண்டுமென்றே அப்படியொரு கசிவை வைத்து, எவ்வளவு கசிந்தால் தொடர்பு எண் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எம்.எஸ்ஸி. மட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு இடத்தில் வழுக்கும். கோணத்தைச் சீராகப் பொறுக்கினால் துருவங்களில் புள்ளிகள் குவியும். கோணத்தின் கொசைனைத்தான் சீராகப் பொறுக்க வேண்டும். அடுத்தது, சரிபார்ப்பை மறப்பது. மூன்று உந்தமும் கூட்டினால் சுழியா? பின்னுதைப்பு எங்காவது 1.42 கிலோவைத் தாண்டுகிறதா? எலக்ட்ரானின் சராசரி 1.57 மெகாவுக்குப் பக்கத்தில் வருகிறதா? மூன்றில் ஒன்று இடித்தாலும் வரைபடம் அழகாக இருந்து பயனில்லை.

ஒரே பார்வையில்

| | தரை முக்கோணம் | முகில் அறை | கைகரும் பொட்டாஷும் | கணினி |
|---|---|---|---|---|
| பின்னுதைப்பு | கணக்கிட்டு வரையலாம் | தெரியாது | தெரியாது | கணக்கிடலாம் |
| கோணம் | உண்டு, வாய்ப்பு இல்லை | எலக்ட்ரான் தடம் மட்டும் | இல்லை | வாய்ப்போடு உண்டு |
| இயற்கையிடமிருந்து நேரடித் தரவு | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| மறைசெலவு | எல்லாக் கோணமும் சமம் என்ற மயக்கம் | 90 கி.மீ. பயணம், 99 சதவீத ஆல்கஹால், ஒரே நாள் ஆயுள் | மணிக்கணக்கில் எண்ணுதல், தடுக்கப்பட்ட வகைப் பொறி | போட்டதையே எடுப்பது |
| ஆபத்து | இல்லை | தீ, பனிக்காயம், மூச்சுத்திணறல் | பொட்டாஷில் இல்லை; மூலத்துக்கு விதி உண்டு | இல்லை |
| ஆகும் நாள் | அரை மணி | இரண்டு நாள் | ஒரு வாரம் | இரண்டு மூன்று வாரம் |

மூன்றாவது வரிசையைக் கவனியுங்கள். கோணத்தைக் காட்டுகிற இரண்டு வழியிலும் இயற்கை பேசவில்லை; இயற்கை பேசுகிற இரண்டிலும் எலக்ட்ரானும் நியூட்ரினோவும் எந்தக் கோணத்தில் பிரிந்தன என்பது வரவில்லை. ஒற்றை வழியோடு நிற்க எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

யாருக்கு எதைச் சொன்னேன்

தேவகோட்டை டீச்சருக்கு யோசிக்கவே இல்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடப் பீரியட், தரை முக்கோணம்தான். அவர்கள் பள்ளியில் ஆத்தங்குடிக் கல் இல்லை, சிமெண்டுத் தரை. நூலில் முடிச்சுப் போட்டு அளவு வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கோணம். பிறகு எந்தக் கருவின் அம்பு நீளம் என்று வகுப்பையே கேட்க வைப்பது. புளியங்கொட்டை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

பள்ளத்தூர் அப்பா முகில் அறை மேல் ஆசையோடு வந்தார், யூடியூபில் பார்த்திருக்கிறார். கூட்டம் கூட வேண்டும், மகள் முகம் மலர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம் என்றேன். ஆனால் தலைப்பை "கதிரியக்கத் தடங்கள்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும், பின்னுதைப்பு என்று போடக் கூடாது. அவர் யோசித்துவிட்டு, "பிள்ளைய பஸ்ஸில ஐஸ் பெட்டியோட அனுப்ப மாட்டேனுங்க, நானே டூவீலர்ல போயிட்டு வர்றேன்" என்றார். திறந்த வண்டியில் வருவது காரைவிட நல்லதுதான். கண்காட்சிக்கு முந்தின நாள் மாலைக்கு முன் வாங்கிவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

பையனோடுதான் இழுபறி. கைகரை விட அவனுக்கு மனமில்லை, கருவி என்று ஒன்று இருந்தால்தான் ப்ராஜெக்ட் என்று நினைப்பு. கடைசியில் கணினியை முதுகெலும்பாகவும் பொட்டாஷை ஒரு அத்தியாயமாகவும் வைத்துக்கொள்வதென்று முடிவு. பொட்டாஷ் அத்தியாயம் ஆற்றல் பரவி வருவதை மட்டும் சொல்லும். ஹீலியம்-6 நிரல் கோணத்தையும் பின்னுதைப்பையும் சொல்லும், அந்தக் கசிவுப் பரிசோதனையோடு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டிவைக்கக் கூடாது என்று கையடித்து வாங்கிக்கொண்டேன். உங்கள் துறையில் முனைச் சாளரக் குழாய் இல்லை, அல்லது சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால், பொட்டாஷை விட்டுவிடுங்கள். நிரல் எழுதவே வராது, ஆனால் பொறுமையாக உட்கார்ந்து எண்ண வரும் என்றால் பொட்டாஷை முழுதாக எடுத்துக்கொண்டு "எலக்ட்ரான் ஆற்றல் பரவல்" என்று தலைப்பைச் சுருக்கிக்கொள்ளலாம், அதிலும் குறைச்சல் ஒன்றுமில்லை.

பொட்டாஷ் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உரக்கடைச் சரக்கு பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும், அது பரவாயில்லை. லேபுக்கு வரும் சுத்தமான பொட்டாசியம் குளோரைடுதான் தொந்தரவு. பார்க்கத் தூள் உப்பு மாதிரியே வெள்ளையாக இருக்கும். பெயர் எழுதி ஒட்டாமல் எங்கள் வீட்டு அடுப்பங்கரை அலமாரியில் ஒரு தடவை வைத்துவிட்டேன். அன்று மதியம் குழம்பு லேசாகக் கசந்தது. வீட்டில் கத்தரிக்காயைத்தான் திட்டினார்கள். நானும் வாய் திறக்கவில்லை.